பாலில் பழகி விழித்திரைக்குப் போவது: லேசர் ஸ்பெக்கிள் முறையில் ரத்த ஓட்டம் பார்க்க ஒரு மேசை வழிகாட்டி

ஹீலியம் நியான் லேசரை வெள்ளைச் சுவரில் விரித்து அடித்தால் வெளிச்சம் சீராக விழாது. மணலை அள்ளித் தெளித்தாற்போல் பொடிப்பொடியாக மின்னும். இயற்பியல் ஆய்வகத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். தொல்லை என்று ஒதுக்கியும் இருப்போம். அந்தப் பொடிக்குப் பெயர் ஸ்பெக்கிள். சுவர் இருக்கும் இடத்தில் ஓடும் ரத்தம் இருந்தால் பொடி ஒவ்வொன்றும் கொதிக்கிற கஞ்சிபோலத் துடிக்கும். கேமராவின் ஷட்டர் சில மில்லிநொடி திறந்திருந்தால், ஓட்டம் உள்ள இடத்தில் பொடி கலங்கி மழுங்கிவிடும். ஓட்டம் இல்லாத இடத்தில் கூர்மையாகவே நிற்கும். எந்த இடம் எவ்வளவு மழுங்கியது என்று கணக்குப் போட்டால் ஓட்டத்தின் வரைபடம் கையில் வந்துவிடும். கையில் ஊசி போட்டுச் சாயம் ஏற்ற வேண்டியதில்லை.

ஃபெர்ச்சர், பிரையர்ஸ் என்ற இருவர் 1981-ல் இந்த வழியைச் சொன்னது விழித்திரையை மனதில் வைத்துத்தான். அன்று ஃபிலிமில் படமெடுத்தார்கள். இன்று ஒரு தொழிற்சாலைக் கேமராவும் மடிக்கணினியும் போதும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் இயற்பியல், உயிர்மருத்துவப் பொறியியல், ஆப்டோமெட்ரி படிப்பவர்கள் புராஜெக்டாக எடுத்துச் செய்யத் தக்க வேலை இது. மேசையில் ஒரு கண்ணாடிக் குழாயில் பால் ஓடவிட்டுப் பழகுவது, பிறகு பொம்மைக் கண்ணுக்குப் போவது என்பதுதான் இங்கே சொல்லப்படும் வரிசை. மனிதக் கண் இந்த வழிகாட்டியின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஏன் என்பது கீழே.

வேகக் கேமரா வேண்டுமா?

“ஹை-ஸ்பீட்” என்றதும் நொடிக்குப் பல்லாயிரம் படம் எடுக்கும் கேமராவைத்தான் நினைக்கிறோம். அதற்குக் காரணம் உண்டு. ரத்த அணு நொடிக்கு 10 மி.மீ. வேகத்தில் ஒளியின் திசையிலேயே ஓடினால், 785 நானோமீட்டர் ஒளியில் டாப்ளர் பெயர்ச்சி (அசையும் பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வெண் மாறும் அளவு) சுமார் 34,000 ஹெர்ட்ஸ் வரும். (வேகத்தை இரண்டாலும் நீரின் ஒளிவிலகல் எண் 1.33-ஆலும் பெருக்கி, அலைநீளத்தால் வகுத்துப் பாருங்கள்.) அந்தத் துடிப்பை நேரடியாகப் பிடிக்க அதன் இருமடங்கு, அதாவது நொடிக்கு 68,000 படம் வேண்டும். பாரிஸ் ஆய்வாளர்கள் விழித்திரையில் செய்யும் டாப்ளர் ஹோலோகிராபி அந்த வகை. கேமராவின் விலையே ஒரு வீட்டுக் கடனாகிவிடும்.

நாம் செய்யப்போகும் ஸ்பெக்கிள் மாறுபாட்டு முறை (பொடி எவ்வளவு கூர்மையாக நிற்கிறது என்பதுதான் மாறுபாடு) எதிர்த்திசையில் போகிறது. துடிப்பைப் பிடிக்க முயலாமல் அதைக் கலங்கவிட்டு, கலங்கிய அளவைப் படிக்கிறது. அதனால் 1 முதல் 5 மில்லிநொடி எக்ஸ்போஷர், நொடிக்கு 30 முதல் 100 படம் போதும். ஒரு இதயத்துடிப்பு ஏறக்குறைய ஒரு நொடி. 30 படத்திலேயே அது ஏறி இறங்குவது தெரியும். 100 படத்தில் ஏறும் சரிவின் வடிவமும் தெரியும். இழப்பு என்ன என்றால், கிடைக்கும் எண் நேரடியான வேகம் அல்ல, ஒப்பீட்டு எண்தான். இதை முதல் நாளிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பாதிச் சண்டை இதை மறந்ததால் வருவது.

முதலில் லேசர்

ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கும் 632.8 நானோமீட்டர், 2 மில்லிவாட் ஹீலியம் நியான் லேசரே தொடக்கத்துக்குச் சிறந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளி, நல்ல ஒத்திசைவு, நிலையான அலைநீளம். கடைத்தெருவில் விற்கும் சிவப்பு லேசர் பாயிண்டரை வாங்காதீர்கள். சூடேறச் சூடேற அதன் அலைநீளம் தாவும். தாவும் கணத்தில் ஸ்பெக்கிள் முழுவதும் மாறிவிடும். பார்ப்பவர் அதை ஓட்டம் என்று நினைத்துக்கொள்வார். பச்சை பாயிண்டர் அதைவிட மோசம். மலிவான பலவற்றில் அகச்சிவப்பு வடிகட்டி இருக்காது. பச்சையோடு கண்ணுக்குத் தெரியாத கதிரும் வெளியே வரும்.

2 மில்லிவாட் என்பது லேசர் ஆபத்து வகைப்பாட்டில் 3ஆர். விரித்துவிட்ட பிறகு ஆபத்து குறையும். விரிக்காத கற்றை ஒரு மோதிரத்திலோ வாட்ச்சின் உலோகப் பட்டையிலோ பட்டுத் திரும்பினாலும் கண்ணுக்குக் கேடு வரலாம். எனவே கற்றையின் உயரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில் இருக்கக் கூடாது. மோதிரம், வாட்ச் கழற்றி வையுங்கள். லென்ஸ் மாட்டிய பிறகே லேசரைப் போடுங்கள். பின்னாளில் 785 நானோமீட்டர் டயோடுக்கு மாறும்போது இன்னும் கவனம் தேவை. அது மங்கிய சிவப்புப் புள்ளியாகத்தான் தெரியும், இமை தானாக மூடிக்கொள்ளாது. “மங்கலாகத்தானே இருக்கிறது” என்று குனிந்து பார்ப்பவர்தான் அடிபடுவார்.

போட்டதும் அளக்கத் தொடங்காதீர்கள். அரை மணி நேரம் சூடேறட்டும். மழைக்காலத்தில் மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் இந்த அரை மணிக் கணக்கு மறுபடி முதலில் இருந்து தொடங்கும். நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஆகையால் லேசருக்கும் கணினிக்கும் யுபிஎஸ் இல்லாமல் இறங்குவது வீண் வேலை.

கேமராவும் லென்ஸும்

கறுப்பு வெள்ளை சென்சார், குளோபல் ஷட்டர் (எல்லாப் பிக்சலும் ஒரே கணத்தில் திறந்து மூடுவது), யுஎஸ்பி 3 இணைப்பு ஆகிய மூன்றும் கட்டாயம். வண்ணக் கேமராவில் சிவப்பு ஒளி நான்கில் ஒரு பிக்சலில்தான் முறையாக விழும். மீதியை மென்பொருள் இட்டுக்கட்டி நிரப்பும். ஸ்பெக்கிள் கணக்கு அதோடு முடிந்தது. கைபேசிக் கேமரா தானாகவே கூர்மைப்படுத்தும், மென்மைப்படுத்தும், சுருக்கும். அதுவும் ஆகாது. 3.45 மைக்ரான் பிக்சல், 1440-க்கு 1080 அளவுள்ள சென்சார் இன்று பரவலாகக் கிடைக்கிறது. கீழே உள்ள கணக்கெல்லாம் அதற்குத்தான்.

லென்ஸ் 50 மி.மீ., கையால் திருகும் அபெர்ச்சர் வளையம் உள்ளது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் 25 மி.மீ. நீட்டிப்பு வளையம் போட்டால் உருப்பெருக்கம் பாதி, அதாவது 0.5. பொருள் லென்ஸிலிருந்து சுமார் 150 மி.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். படத்தில் ஏறக்குறைய 10-க்கு 7.5 மி.மீ. பரப்பு தெரியும்.

அடுத்தது அபெர்ச்சர். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. ஸ்பெக்கிள் பொடியின் அளவைத் தீர்மானிப்பது பொருள் அல்ல, லென்ஸ் திறப்புதான். கணக்கு இது: 2.44-ஐ அலைநீளத்தால் பெருக்குங்கள். அதை ஒன்றும் உருப்பெருக்கமும் சேர்ந்த தொகையால் பெருக்குங்கள். கடைசியாக லென்ஸின் எஃப் எண்ணால் (குவியத் தூரத்தைத் திறப்பின் விட்டத்தால் வகுத்தது) பெருக்குங்கள். நம் அமைப்பில் எஃப் 1.4-ல் பொடி 3.2 மைக்ரான், அதாவது ஒரு பிக்சலை விடச் சிறியது. பல பொடிகள் ஒரே பிக்சலுக்குள் கலந்து, அசையாத பொருளும் ஓடுவதுபோல் காட்டும். எஃப் 2.8-ல் 6.5 மைக்ரான், இரண்டு பிக்சலுக்குச் சற்றுக் குறைவு. எஃப் 4-ல் 2.7 பிக்சல். எஃப் 5.6-ல் 13 மைக்ரான், 3.8 பிக்சல். எஃப் 11-ல் ஏழு பிக்சலைத் தாண்டும். கணக்குச் சதுரத்துக்குள் போதுமான பொடி இராது, வெளிச்சமும் போதாது. குறைந்தது இரண்டு பிக்சல் என்பது விதி. எஃப் 5.6-ல் தொடங்குங்கள். வெளிச்சம் போதவில்லை என்று திறப்பை அகலமாக்கும் ஆசை வரும். அப்போது லேசர் விரிப்பைக் குறுக்குங்கள், திறப்பைத் தொடாதீர்கள்.

கேமரா மென்பொருளில் தானியங்கி எக்ஸ்போஷர், தானியங்கி கெயின், கூர்மையாக்கல் எல்லாவற்றையும் அணையுங்கள். காமா 1. பிளாக் லெவல் (இருட்டிலும் கேமரா காட்டும் அடிப்படை எண்) பூஜ்யமாக வேண்டாம், ஐந்து முதல் பத்துக்குள் இருக்கட்டும். மூடியைப் போட்டு நூறு இருட்டுப் படம் எடுத்து அதன் சராசரியைத் தனியாகச் சேமியுங்கள். பின்னர் ஒவ்வொரு படத்திலிருந்தும் இதைக் கழிக்க வேண்டும். கழிக்க மறந்தால் என்ன ஆகும்? படத்தின் சராசரி 50, அதில் இருட்டின் பங்கு 10 என்றால், மாறுபாடு உண்மையைவிட 20 சதவீதம் குறைவாக வரும். அந்த 20 சதவீதத்தை ஒரு நோயின் அறிகுறியாக விளக்கி ஆய்வறிக்கை எழுதிவிடவும் முடியும்.

தரவு அளவு: முழுப் படம் ஒன்று 1.56 எம்பி. நொடிக்கு 100 என்றால் நொடிக்கு 156 எம்பி. பழைய ஹார்டு டிஸ்க் மூச்சுத் திணறிச் சில படங்களைச் சொல்லாமல் விட்டுவிடும். எஸ்எஸ்டி வேண்டும். இல்லையென்றால் 640-க்கு 480 என்று வெட்டிக்கொள்ளுங்கள்; 31 எம்பிக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு படத்தின் வரிசை எண்ணையும் சேமித்து, இடையில் விட்டுப்போனது எத்தனை என்று பாருங்கள்.

மேசை

நீங்கள் அளக்கப்போவது மைக்ரான் அசைவு. தலைக்கு மேலே சீலிங் ஃபேன், கீழே சாலையில் பாறைப்பொடி ஏற்றிய டாரஸ் லாரி, ஜூன் ஜூலையில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று என்று எல்லாமே படத்தில் வந்து உட்காரும். ஆய்வகத்துக்கென்றே விற்கும் அதிர்வற்ற மேசை இல்லாவிட்டால், இரண்டடிக்கு இரண்டடி, 4 செ.மீ. தடிமனுள்ள கிரானைட் பலகை ஒன்றைக் கல் அறுக்கும் பட்டறையில் சொல்லி வாங்குங்கள். சுமார் 40 கிலோ வரும். அடியில் இரண்டு ஸ்கூட்டர் டியூபைப் பாதிக் காற்றோடு வைத்து, மேலே பலகையைக் கிடத்துங்கள். டியூபில் காற்று நிறைய அடித்தால் பயனில்லை. கையால் அமுக்கினால் பலகை மெல்ல ஆடி அடங்க வேண்டும். லேசர், கேமரா, குழாய் மூன்றும் அதே பலகையில் நிற்கட்டும். பம்ப் மட்டும் வேறு மேசையில். மோட்டாரின் அதிர்வு பலகைக்கு வரக் கூடாது.

தரைத்தளம் கிடைத்தால் மாடியை மறந்துவிடுங்கள். ஃபேனை அணையுங்கள். டியூப் லைட்டையும் அணையுங்கள். அது நொடிக்கு நூறு முறை மின்னுவது 5 மில்லிநொடி எக்ஸ்போஷரில் படத்துக்குப் படம் ஏறி இறங்கித் தெரியும்.

லேசர் கற்றையை விரிக்க, குவியத் தூரம் 25 மி.மீ. உள்ள குழிலென்ஸ் ஒன்று. ஒரு மி.மீ. கற்றை 35 செ.மீ. தள்ளி 15 மி.மீ. வட்டமாக விரியும். சீராக இருக்கட்டும் என்று சுழலும் தேய்த்த கண்ணாடியை இடையில் வைக்காதீர்கள். அது ஸ்பெக்கிளையே அழிப்பதற்கான கருவி.

அசையாத ஓட்டில் முதல் சோதனை

குழாயைத் தொடும் முன் இதை முடிக்க வேண்டும். மெருகிடாத வெள்ளை ஓட்டுத் துண்டை (டைல்ஸின் பின்பக்கம் போதும்) குழாய் வரப்போகும் இடத்தில் வையுங்கள். எக்ஸ்போஷர் 5 மில்லிநொடி. சராசரி வெளிச்சம் 255-க்கு 40 அளவில் நிற்கட்டும். ஏன் இவ்வளவு குறைவு? நின்ற ஸ்பெக்கிளில் சில பொடிகள் சராசரியைப்போல் ஐந்து ஆறு மடங்கு பிரகாசிக்கும். சராசரியை 100-க்கு ஏற்றினால் அவை உச்சியில் மோதித் தட்டையாகிவிடும். பாலுக்கு வரும்போது கலங்கி அடங்கிவிடுவதால் 100 வரை போகலாம்.

கணக்கு எளிது. 7-க்கு 7 பிக்சல் சதுரம் ஒன்றைப் படம் முழுக்க நகர்த்துங்கள். ஒவ்வோர் இடத்திலும் திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்தால் வருவது மாறுபாடு. பைத்தானில் பத்து வரி. ஒரு பொறி உண்டு: 8 பிட் படத்தை அப்படியே வர்க்கம் எடுத்தால் எண் நிரம்பிச் சுற்றிவிடும். முதலில் தசம எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கோட்பாட்டின்படி நின்ற ஸ்பெக்கிளின் மாறுபாடு 1. ஓட்டில் பட்டுத் திரும்பும் ஒளி முனைவாக்கம் இழந்து வருவதால் 0.71-க்கு மேல் ஏறாது. கேமரா முன் ஒரு போலரைசர் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடு) போட்டால் மறுபடி 1-ஐ நோக்கி ஏறும். நடைமுறையில் 0.5, 0.6 வந்தாலே அமைப்பு நல்ல நிலையில் இருக்கிறது. 0.3 வந்தால் நிறுத்துங்கள். எக்ஸ்போஷரை 1 மில்லிநொடிக்குக் குறையுங்கள். மாறுபாடு ஏறினால் ஏதோ அதிர்கிறது. ஏறாவிட்டால் பொடி சிறிது, அல்லது இருட்டுப் படத்தைக் கழிக்கவில்லை, அல்லது லேசர் அல்லாத ஏதோ ஒளி கலக்கிறது. அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. ஓடு அசையவில்லை என்றால் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சக் கூடாது.

இந்த ஓட்டுச் சோதனையைத் தாண்டாமல் குழாய்க்குப் போனவர்கள் மூன்று வாரம் கழித்துத் திரும்ப இங்கேதான் வருவார்கள்.

ரத்தக் குழாய்க்குப் பதில்

ரத்தப் பரிசோதனை நிலையங்களில் பயன்படும் ஹெமடோகிரிட் கண்ணாடிக் குழல் 75 மி.மீ. நீளம், உள்விட்டம் சுமார் 1.1 மி.மீ. விழித்திரையின் பெரிய சிரை 0.15 மி.மீ. அளவுதான், ஆனாலும் தொடக்கத்துக்கு இந்தக் குழல் பார்க்கவும் சுத்தம் செய்யவும் வசதி. இரு முனையிலும் ஸ்கால்ப் வெயின் செட்டின் (சிரையில் மருந்து ஏற்றும் சிறு ஊசிக் குழாய்) மெல்லிய குழாயை வெந்நீரில் மென்மையாக்கிச் செருகுங்கள். பொருந்தாவிட்டால் இடையில் சிறு சிலிக்கோன் குழாய். மூட்டில் சிலிக்கோன் பசை தடவி ஒரு இரவு காயட்டும்.

கண்ணாடிக் குழல் வெறுமனே நின்றால் பளபளப்பு படத்தைக் கெடுக்கும். விழித்திரையில் நாளத்தைச் சுற்றித் திசு இருப்பதுபோல் இதற்கும் ஒரு படுகை வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் சைனா கிராஸ் 1.5 கிராம், தண்ணீர் 100 மி.லி., வெள்ளைப் பெயிண்ட் நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு 0.1 கிராம். கொதிக்கவிட்டுக் கரைத்து, 50 டிகிரிக்கு ஆறியதும் குழல் வைத்த தட்டில் ஊற்றுங்கள். 35 முதல் 40 டிகிரிக்குள் உறைந்துவிடும். குழல் மேலே அரை மி.மீ. மட்டும் மூடியிருக்கட்டும். ஆழமாகப் புதைத்தால் அசையாத படுகையில் சிதறும் ஒளி அதிகமாகி ஓட்டம் மங்கிவிடும். அந்த மங்கலும் ஒரு பாடம்தான், ஆனால் இரண்டாம் மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். காற்றுக் காலத்தில் இந்தக் களி இரண்டு மணி நேரத்தில் சுருங்கத் தொடங்கும்; சுருங்குவதும் அசைவுதான். மேலே மெல்லிய கண்ணாடித் துண்டு மூடி வையுங்கள்.

ஓடவிட வேண்டிய திரவம்: ஹோமோஜினைஸ் செய்த (கொழுப்பைச் சிறு துகளாக உடைத்துக் கலந்த) பாக்கெட் பால். அதோடு எடையில் 40 சதவீதம் கிளிசரின் இருக்கும்படி கலந்தால் பாகுநிலை தண்ணீரைவிட மூன்றரை மடங்குக்கு மேல் போய் ரத்தத்தை ஒட்டி வரும். கறந்த பால் வேண்டாம். ஆடை மேலே ஒதுங்கும். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு முதலில் தோன்றும் யோசனை ரப்பர் பால். துகள் அளவு பொருத்தம்தான், ஆனால் அமோனியா சேர்க்காத பால் குழலுக்குள்ளேயே உறைந்து, இழுத்தால் நூலாக வரும். குழலைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பம்ப், ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும் சிரிஞ்ச் பம்ப். பழையது போதும். 1.1 மி.மீ. குழலின் குறுக்குப் பரப்பு 0.95 சதுர மி.மீ. ஆகவே நொடிக்கு 2 மி.மீ. சராசரி வேகத்துக்கு மணிக்கு 6.8 மி.லி.; 5-க்கு 17; 10-க்கு 34; 20-க்கு 68. நடுவில் வேகம் இதன் இருமடங்கு, ஓரத்தில் பூஜ்யம். 20 மி.லி. சிரிஞ்ச் எடுங்கள். 50 மி.லி. சிரிஞ்சில் பிஸ்டன் மெதுவாக, படிபடியாக நகரும். அந்தப் படி படத்தில் பொய் நாடித்துடிப்பாகத் தெரியும். குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. பம்ப் சொல்லும் எண்ணை நம்பாமல், வெளியேறும் பாலைப் பத்து நிமிடம் பிடித்து எடைபோட்டுச் சரிபாருங்கள்.

அளவெடுப்பு

வேகங்களை ஏறுவரிசையில் எடுக்காதீர்கள். 10, 0, 20, 2, 5 என்று கலைத்துப் போடுங்கள். இல்லையென்றால் லேசர் சூடேறுவதும் பால் புளிப்பதும் வேகத்தோடு சேர்ந்து ஏறிவிடும். வேகம் மாற்றிய பின் இரண்டு நிமிடம் காத்திருந்து, 10 நொடி பதிவு. ஒவ்வொன்றையும் மூன்று முறை.

இப்போது பம்பை நிறுத்திய பதிவைப் பாருங்கள். மாறுபாடு ஓட்டின் அளவுக்கு ஏறியிருக்காது. பம்ப் நின்றும் ஓட்டம் காட்டுகிறதே என்று எல்லோரும் திகைக்கும் இடம் இது. பாலில் உள்ள கேசீன் துகள் மைக்ரானில் பத்தில் ஒரு பங்குதான். பிரௌனியன் அசைவில் அது தானாகவே துள்ளிக்கொண்டிருக்கிறது. ஐந்து மில்லிநொடிக்குள் ஸ்பெக்கிளைக் கலக்க அது போதும். கிளிசரின் சேர்த்தது இந்தத் துள்ளலை மந்தமாக்கவும்தான். சிவப்பணு ஏழு எட்டு மைக்ரான் என்பதால் ரத்தத்தில் இந்தத் தொல்லை குறைவு. இருந்தாலும் ஓட்டமே இல்லாதபோது என்ன எண் வருகிறது என்று அளக்காமல் ஒரு கருவியையும் நம்பக் கூடாது. இந்த எண்ணை அடித்தளமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டக் குறியீடு என்பது மாறுபாட்டின் வர்க்கத்தை ஒன்றுக்குக் கீழ் போட்டது. ஒவ்வொரு வேகத்துக்கும் அதைக் கணக்கிட்டு, பம்ப் நின்றபோது வந்த குறியீட்டைக் கழித்து, வேகத்துக்கு எதிரே வரையுங்கள். கீழ்ப்பகுதி ஏறக்குறைய நேர்கோடாகப் போய், மேலே வளைந்து படுக்கும். வளைவுக்குக் காரணம் பெரும்பாலும் இரைச்சல். ஒரு பிக்சலில் 2,000 எலக்ட்ரான் சேர்ந்தால், ஒளியின் இயல்பான ஏற்ற இறக்கமே 0.022 மாறுபாடு தரும். நீங்கள் அளந்தது 0.05 என்றால் வர்க்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு வெறும் இரைச்சல். வர்க்கத்திலிருந்து வர்க்கத்தைக் கழித்துத் திருத்துங்கள். அல்லது எக்ஸ்போஷரை 1 அல்லது 2 மில்லிநொடிக்கு இறக்குங்கள். எக்ஸ்போஷர் மாற்றினால் பழைய எண்களோடு புதிய எண்களை நேரடியாக ஒப்பிட முடியாது, வரைகோட்டை மறுபடி போட வேண்டும்.

7-க்கு 7 சதுரத்தால் படம் மங்கலாகத் தெரிந்தால், சதுரத்தை விட்டு அதே பிக்சலை அடுத்தடுத்த 30 படங்களில் எடுத்து மாறுபாடு கணக்கிடலாம். மேசையில் மிக அழகாக வரும். கண்ணில் அப்படி வராது. முப்பது படத்துக்குள் கண் நகர்ந்துவிடும்.

பொம்மைக் கண்

கண் மருத்துவர்கள் தலையில் விளக்கு மாட்டி நோயாளியின் கண்முன் பிடிக்கும் 20 டயாப்டர் லென்ஸ் ஒன்றைக் கடன் வாங்குங்கள். கண்ணின் மொத்தத் திறன் சுமார் 60 டயாப்டர். எனவே அந்த லென்ஸ் விழித்திரையின் மும்மடங்கு படத்தைக் காற்றில் தொங்கவிடும். நம் கேமரா அதைப் பாதியாக்கிப் பிடித்தால் மொத்தம் ஒன்றரை மடங்கு, படத்தில் 3.3 மி.மீ. அகலம் தெரியும். பார்வை நரம்பு வட்டு சுமார் ஒன்றரை மி.மீ. என்பதால் அதுவும் சுற்றியுள்ள நாளங்களும் அடங்கிவிடும். பொம்மைக் கண்ணுக்கு 17 முதல் 20 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸ், முன்னே 6 மி.மீ. துளையிட்ட கறுப்பு அட்டை, குவியத்தில் உங்கள் பால் குழல்.

இங்கே முளைக்கும் தொல்லை, பிரதிபலிப்பு. ஒளி போகிற வழியும் வருகிற வழியும் அதே 6 மி.மீ. துளை. லென்ஸின் இரு முகமும் வெள்ளைப் புள்ளியாகப் பளிச்சிடும். 20 டயாப்டர் லென்ஸைச் சில டிகிரி சாய்த்தால் புள்ளிகள் ஓரத்துக்கு ஒதுங்கும். ஒளி துளையின் ஒரு ஓரமாகப் போய், மறு ஓரமாகத் திரும்பும்படி அமையுங்கள். மிச்சத்தைக் குறுக்காக வைத்த இரண்டு போலரைசர் தின்றுவிடும். வெளிச்சமும் பாதிக்கு மேல் போகும் என்பதைக் கணக்கில் வையுங்கள். ஸ்பெக்கிள் அளவையும் மறுபடி அளக்க வேண்டும். இப்போது திறப்பைத் தீர்மானிப்பது கேமரா லென்ஸா, கண்ணின் துளையா என்பது எது குறுகலோ அதைப் பொறுத்தது.

பிறகு பலகையில் விரலால் லேசாகத் தட்டிக்கொண்டே பதிவு செய்யுங்கள். உண்மையான கண் ஒரு நொடியும் சும்மா இராது. மெல்ல நகரும், திடீரென்று தாவும், இமைக்கும். தட்டிய பதிவை வைத்து மென்பொருளில் படங்களைப் பொருத்திச் சேர்க்கவும், தாவிய படங்களை நீக்கவும் பழகலாம். மாறுபாட்டைக் கணக்கிட்ட பிறகுதான் படங்களை நகர்த்திப் பொருத்த வேண்டும். முதலில் நகர்த்தினால் பிக்சல்கள் கலந்து ஸ்பெக்கிள் மென்மையாகிவிடும்.

கறிக்கடையில் ஆட்டுக் கண் வாங்கி ஒளியமைப்பைப் பழகலாம். ஓட்டம் இருக்காது, ஆனால் உண்மையான விழித்திரையை எட்டிப் பார்ப்பது எவ்வளவு சிரமம் என்று தெரியும். அறுத்த அன்று காலையே வாங்கி, உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றி வையுங்கள். கருவிழி சில மணி நேரத்தில் வெளிறிவிடும். துறைமுகத்தில் மீன் கண் எளிதில் கிடைக்கும்தான். அதன் லென்ஸ் கோலிக்குண்டு போல உருண்டை, நம் கணக்கு எதுவும் பொருந்தாது.

மனிதக் கண் ஏன் இல்லை

“ஒரே ஒரு தடவை, நண்பன் கண்ணில் பார்த்துவிடுவோம்” என்ற பேச்சு இந்தக் கட்டத்தில் கட்டாயம் வரும். வேண்டாம். மேசையில் பாதுகாப்பான ஒளி, கண் லென்ஸ் வழியே விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவிந்தால் பாதுகாப்பாக இராது. எவ்வளவு ஒளி அனுமதி என்பது அலைநீளம், நேரம், விழித்திரையில் விழும் பரப்பு மூன்றையும் வைத்து ஐஇசி 60825-1 போன்ற தரநிலைகளின்படி போட வேண்டிய கணக்கு. லேசர் திடீரெனக் கூடுதல் ஒளி கொடுத்தால் தானாக அணையும் அமைப்பும் வேண்டும். அதற்கும் முன்னால் கண் மருத்துவர் ஒருவரின் பொறுப்பு, நிறுவன நெறிமுறைக் குழுவின் எழுத்து அனுமதி, பங்கேற்பவரின் ஒப்புதல் எல்லாம் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்களை முதலில் படியுங்கள். அங்கீகாரம் பெற்ற கருவி இருக்கும் இடத்தில் மருத்துவரோடு சேர்ந்து அதன் தரவில் வேலை செய்வது நல்ல வழி. அந்த வகைக் கருவிகளில் பரவலானது 830 நானோமீட்டர் ஒளியில், நொடிக்கு 30 படம் வீதம் 4 நொடி எடுக்கும்.

அங்கே தரும் எண்ணும் ஒப்பீட்டு எண்தான். விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் கோராய்டு என்ற நாளப் படலம் கண்ணின் ரத்தத்தில் பெரும்பங்கை வாங்கிக்கொள்கிறது. அதன் ஓட்டமும் படத்தில் கலக்கும். நிறமியும் ஆளுக்கு ஆள் வேறு. எனவே ஒரே கண்ணை இன்றும் ஆறு மாதம் கழித்தும் ஒப்பிடலாம். இரண்டு பேரின் எண்ணைப் பக்கத்தில் வைத்து இவருக்கு ஓட்டம் குறைவு என்று சொல்வது பிழை.

வேலை முடிந்ததும்

பால் அறை வெப்பத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்காது. திரியத் தொடங்கினால் கட்டிகள் குழலில் மாட்டி ஓட்டம் தாறுமாறாகும். கோடை மதியத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புதிதாகக் கலக்குங்கள். முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் 50 மி.லி., பாத்திரம் கழுவும் திரவம் சில துளி கலந்த தண்ணீர் 50 மி.லி., மறுபடி வெறும் தண்ணீர், கடைசியில் காற்று என்ற வரிசையில் குழலைக் கழுவுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் உள்ளே ஒரு வெள்ளைப் படலம் ஒட்டும். அது அசையாமல் நின்று ஒளியைச் சிதறடிக்கும். அடுத்த நாள் எல்லா வேகமும் குறைவாக வரும். கிளிசரின் கலந்த பால் பலகையில் ஒரு சொட்டு சிந்தினாலும் எறும்பு வரும். படத்தின் நடுவே எறும்பு நடப்பது அபூர்வக் காட்சி அல்ல.

லென்ஸ்களை மேசையிலேயே விட்டுப் போகாதீர்கள். கடற்கரையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் எந்த ஆய்வகத்திலும் உப்புக் காற்றும் ஈரமும் ஒரே மழைக்காலத்தில் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கவைக்கும். மூடி இறுகப் பொருந்தும் பிளாஸ்டிக் டப்பா, அடியில் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சிறிய ஈரப்பதமானி. 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். ஜெல்லின் நிறம் மாறினால் அடுப்பில் வறுத்து மறுபடி போடலாம். துடைப்பதற்கு முன் ஊதுபந்தால் தூசியை ஊதிவிடுங்கள். இங்குள்ள தூசியில் மணல் உண்டு, துணியால் நேரே தேய்த்தால் கீறல் விழும்.